கேமும் எடிட்டிங்கும் ஒரே கணினியில்: சின்ன பட்ஜெட்டில் பாகங்களைத் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

கேம் விளையாட வேண்டும், வீடியோவும் எடிட் செய்ய வேண்டும், கையில் இருப்பதோ கொஞ்சம் பணம்தான். இப்படிக் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது கேமிங் கணினிக்கான பாகங்களின் பட்டியல். அதை அப்படியே வாங்கி அசெம்பிள் செய்தால் கேம் நன்றாகவே ஓடும். ஆனால் கேமராவில் எடுத்த 4கே வீடியோவை டைம்லைனில் போட்டதும் படம் திக்கித் திக்கி நகரும். பாகங்களில் குறை ஒன்றும் இருக்காது. கேமில் நொடிக்கு எத்தனை ஃபிரேம் வருகிறது என்பதை மட்டும் பார்த்துப் போட்ட பட்டியல் அது, அவ்வளவுதான். இரண்டு வேலைக்கும் பொதுவான தேவைகள் நிறைய உண்டு. அவை பிரிகிற இடங்கள் நான்கைந்துதான். பணம் வீணாவதும் மிச்சமாவதும் அங்கேதான் என்பதால், இந்தக் கட்டுரையில் அந்த இடங்களில் நின்று பேசுகிறேன். மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

முதல் வேலை: உங்கள் வீடியோ ஃபைலைத் திறந்து பாருங்கள்

எந்த பிராசசர், எந்த கார்டு என்று தேடத் தொடங்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். நீங்கள் வழக்கமாக எடிட் செய்யும் ஃபைல் ஒன்றை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை, ஹெச்.264-ஆ, ஹெச்இவிசி-யா? (ஹெச்.265 என்று சொல்வதும் ஹெச்இவிசிதான்.) பிட் டெப்த், அதாவது நிறத்தின் நுணுக்கம், 8-ஆ, 10-ஆ? நிறத் தகவல் எவ்வளவு குறைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும் குரோமா சப்சாம்பிளிங் என்ற வரியில் 4:2:0 என்று இருக்கிறதா, 4:2:2 என்று இருக்கிறதா?

இது ஏன் முக்கியம் என்றால், இந்த கோடெக்குகள் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுப் படமாகச் சேமிப்பதில்லை. ஒரு முழுப் படத்தை வைத்துவிட்டு, அடுத்து வரும் பல ஃபிரேம்களுக்கு என்ன மாறியது என்பதை மட்டும் எழுதி வைக்கின்றன. அதனால்தான் ஃபைல் சிறியதாக இருக்கிறது. டைம்லைனின் நடுவில் ஓர் இடத்தைச் சொடுக்கினால் கணினி பின்னால் போய் அந்த முழுப் படத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து ஒவ்வொரு ஃபிரேமாகக் கணக்குப் போட்டு நீங்கள் சொடுக்கிய இடத்துக்கு வர வேண்டும். வீடியோவைச் சும்மா ஓடவிட்டுப் பார்க்கும்போது இந்தச் சுமை தெரியாது. முன்னும் பின்னும் இழுத்து வெட்டி ஒட்டும்போது நன்றாகவே தெரியும்.

இந்தக் கணக்குக்கென்றே கிராஃபிக்ஸ் சிப்புக்குள் டிகோடர் என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது. உங்கள் ஃபைல் எந்த வகையோ அந்த வகையை அது கையாளும் என்றால் எளிய கணினியில்கூட டைம்லைன் வழுக்கிக்கொண்டு ஓடும். கையாளாது என்றால் மொத்தச் சுமையும் பிராசசர் தலையில் விழும்.

போனில் எடுத்த வீடியோக்கள் பெரும்பாலும் 4:2:0 வகை. இப்போது விற்கும் கார்டுகளில் பெரும்பாலானவற்றில் இவை சிக்கலில்லாமல் ஓடும். மிரர்லெஸ் கேமராவில் 10 பிட் 4:2:2 ஹெச்இவிசி-யில் எடுப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். இந்த வகையை ஹார்ட்வேரில் டிகோட் செய்வது இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை முதல் வந்த பிராசசர்களில் உள்ள உள்கிராஃபிக்ஸ், இன்டெல்லின் ஆர்க் கார்டுகள், 2025-இல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 50 வரிசை ஆகியவை. ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் மிக விலை உயர்ந்த கார்டை வாங்கினாலும் இந்த வசதி கிடைக்காது. கேம் விளையாடுவோரின் பட்டியல்களில் இந்த ஒரு விஷயம் வரவே வராது. 4:2:2-இல் எடுப்பவருக்கோ பிராசசர் தேர்வு முழுவதையுமே இது மாற்றிவிடும்.

ஏற்கெனவே ஒரு கணினி இருந்து, அதை மாற்ற முடியாத நிலை என்றால் பிராக்ஸி கைகொடுக்கும். பெரிய ஃபைல்களுக்குச் சிறிய, எளிதில் ஓடும் நகல்களை உருவாக்கி, அவற்றை வைத்து எடிட் செய்துவிட்டு, எக்ஸ்போர்ட் செய்யும்போது அசல் ஃபைலுக்கு மாறிக்கொள்வது. பிரீமியர், டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள்கள் இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது. காத்திருக்கும் நேரமும் டிஸ்க்கில் இடமும்தான் இதற்கு ஆகும் செலவு. பட்ஜெட் மிகவும் இறுக்கமாக இருப்பவர்கள் கூச்சப்படாமல் இந்த வழியில் போகலாம். பெரிய ஸ்டுடியோக்களும் இப்படித்தான் வேலை செய்கின்றன.

இத்துடன் இன்னும் இரண்டு பதில்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த கேம்களை விளையாடப் போகிறீர்கள்? எந்த ரெசல்யூஷன் மானிட்டரில்? வேலரன்ட், சிஎஸ்2 போன்ற போட்டி கேம்கள் மட்டும் என்றால் நடுத்தர கார்டே தாராளம். புதிதாக வரும் பெரிய கதை கேம்கள் என்றால் கார்டின் மெமரி வரை யோசிக்க வேண்டியிருக்கும்.

எங்கே சிக்கனம் பிடிப்பது

நான் பின்பற்றும் விதி எளிமையானது. பின்னால் கழற்றிச் சேர்க்கக் கூடியதில் இப்போது சிக்கனம் பிடிக்கலாம். மாற்றவேண்டும் என்றால் மொத்தக் கணினியையும் பிரிக்க வேண்டிய பாகத்தில் பிடிக்கக் கூடாது. ரேம், இரண்டாவது எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க், ஏன் கிராஃபிக்ஸ் கார்டைக்கூட அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம். மதர்போர்டு, பவர் சப்ளை, கேபினட் மூன்றும் அப்படியில்லை. மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குவது இந்தக் கலவை வேலைக்குச் சரியாக வரும். கேம் மட்டும் என்றால் இன்னும் கூட்டலாம். எடிட்டிங் செய்பவர் அப்படிக் கூட்டினால் ரேமிலும் டிஸ்க்கிலும் இடிக்கும்.

பிராசசரும் அது உட்காரும் சாக்கெட்டும்

6 கோர், 12 திரெட். இதற்குக் கீழே போகாதீர்கள். இதற்கு மேலே போவதும் இந்த பட்ஜெட்டில் அவசியமில்லை. 8 கோர் பிராசசரில் எக்ஸ்போர்ட் கொஞ்சம் வேகமாகும், ஆனால் கேமில் பெரிய வித்தியாசம் இருக்காது.

குறைந்த செலவில் மூன்று பாதைகள் உண்டு. முதலாவது ஏஎம்டி-யின் ஏஎம்4 சாக்கெட். 2017-இல் முதல் ரைசன் பிராசசர்கள் வந்த காலத்துப் பழைய சாக்கெட் இது, டிடிஆர்4 ரேம் பயன்படுத்துகிறது. மேற்கொண்டு பெரிதாக வளர வழியில்லை, ஆனால் மலிவு. இங்கே எடுக்க வேண்டியது ரைசன் 5 5600. பக்கத்திலேயே 5500, 5600ஜி என்று இரண்டு பெயர்கள் இன்னும் குறைந்த விலையில் கண்ணில் படும். பெயரில் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வேறு. 5600-இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 32 எம்பி. மற்ற இரண்டிலும் 16 எம்பி. கிராஃபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டி-யும் பிராசசரோடு பேசும் பாதையான பிசிஐஇ 5600-இல் 4.0, மற்ற இரண்டிலும் 3.0. தனி கிராஃபிக்ஸ் கார்டு போடப்போகிறவர் 5600ஜி வாங்க எந்தக் காரணமும் இல்லை.

இரண்டாவது, இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் கோர் ஐ5-12400. பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் உள்கிராஃபிக்ஸ் இல்லை என்று பொருள். கேமிங் பட்டியல்களில் எப்போதும் 12400எஃப்தான் இருக்கும், அது கொஞ்சம் மலிவு. எடிட்டிங் செய்பவர்களுக்கு என் பரிந்துரை எஃப் இல்லாத 12400. அதற்குள் இருக்கும் குவிக் சிங்க் என்ற பகுதிதான் நான் மேலே சொன்ன 10 பிட் 4:2:2 ஹெச்இவிசி-யைக் கையாள்வது. கிராஃபிக்ஸ் கார்டு ஒருநாள் பழுதானாலும் மானிட்டரை மதர்போர்டில் மாட்டி வேலையைத் தொடரலாம். இந்த சாக்கெட்டில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு; ஒன்றின் ரேம் மற்றொன்றில் பொருந்தாது. பழைய மார்க்கெட்டில் 13, 14-ஆம் தலைமுறையின் உயர் ரகங்களைப் பார்த்தால் ஒரு எச்சரிக்கை. மின்னழுத்தக் கோளாறால் அவற்றில் சில நிலையில்லாமல் போனதை 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து வெளிவந்த மைக்ரோகோடு திருத்தங்கள் அடங்கிய பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) போட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யாது.

மூன்றாவது ஏஎம்5. 2022-இல் வந்தது, டிடிஆர்5 மட்டும். ரைசன் 5 7600 இங்கே ஆரம்பம். போர்டுக்கும் ரேமுக்கும் சேர்த்து முதலில் கூடுதலாகச் செலவாகும். ஆனால் இரண்டு மூன்று வருடம் கழித்து பிராசசரை மட்டும் கழற்றிவிட்டுப் புதியதைப் போடும் வழி இங்கேதான் திறந்திருக்கிறது. எட்டக்கூடிய தூரத்தில் இருந்தால் இதையே எடுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டு: எண்ணைவிட மெமரியைப் பாருங்கள்

1080பி ரெசல்யூஷனில் கேம் விளையாட 8 ஜிபி விரேம் (கார்டின் சொந்த மெமரி) இன்று குறைந்தபட்சம். புதிய கேம்கள் சிலவற்றில் டெக்ஸ்சர் அளவை உச்சத்தில் வைத்தால் அதுவும் நிரம்பிவிடும். எடிட்டிங்கில் நிலைமை இன்னும் கறார். கேமில் விரேம் போதாவிட்டால் படம் தடுமாறும், நாம் செட்டிங்கைக் குறைத்துச் சமாளிப்போம். டாவின்சி ரிசால்வில் 4கே டைம்லைனில் நாலைந்து எஃபெக்ட் அடுக்கிய பிறகு விரேம் தீர்ந்தால் 'ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது' என்ற செய்தி வந்து ரெண்டர் அங்கேயே நின்றுவிடும். அதனால் ஒரே விலையில் வேகமான 8 ஜிபி கார்டும் சற்று மெதுவான 12 ஜிபி கார்டும் இருந்தால், கலவை வேலை செய்பவர் 12 ஜிபி பக்கம் சாய்வது நல்லது.

ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கார்டு 2021-இல் வந்தது என்றாலும் எடிட்டர்கள் அதை இன்னும் தேடி வாங்குவது இதனால்தான். அதே பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்றும் இருக்கிறது. மெமரி மட்டுமல்ல, மெமரிக்குப் போகும் பாதையும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறைக்கப்பட்ட கார்டு அது. பெட்டியின் மேல் 12 ஜிபி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இன்டெல்லின் ஆர்க் பி580-யும் 12 ஜிபிதான். 4:2:2-யும் டிகோட் செய்யும், ஏவி1 என்ற புதிய கோடெக்கில் எக்ஸ்போர்டும் செய்யும். ஆனால் கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுகவிடும் ரீசைசபிள் பார் என்ற வசதி பயாஸில் இயங்கினால்தான் அதன் முழு வேகம் வரும். பழைய பிராசசரோடு சேர்த்தால் கேமில் சறுக்கும். இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டிலும் 16 ஜிபி வகை உண்டு. இரண்டிலும் 8 ஜிபி வகையும் அதே பெயரில் விற்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

என்விடியாவா ஏஎம்டி-யா என்றால், கேமில் செலவழிக்கும் பணத்துக்கு ஏஎம்டி பெரும்பாலும் கூடுதல் ஃபிரேம் தரும். எடிட்டிங்கில் என்விடியாவுக்கு ஒரு படி முன்னிலை உண்டு. கூடா என்ற அதன் நிரல் தளத்தை நம்பி எழுதப்பட்ட பிளக்-இன்களும் மென்பொருள்களும் ஏராளம். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் செய்பவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. வெறுமனே வெட்டி, ஒட்டி, நிறம் திருத்தி, யூடியூபில் ஏற்றுபவருக்கு ஆர்எக்ஸ் 6600, 7600 போன்றவையே போதும்.

தவிர்க்க வேண்டிய கார்டையும் பெயர் சொல்லிவிடுகிறேன். ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இரண்டிலும் வீடியோவைச் சுருக்கி எழுதும் என்கோடரே கிடையாது. எக்ஸ்போர்டுக்கு ஹார்ட்வேர் உதவி இல்லை, கேமை ரெக்கார்டு செய்தாலும் சுமை பிராசசர் தலையில்தான் விழும். போதாததற்கு பிசிஐஇ பாதையில் 4 லேன் மட்டும் இருப்பதால் 3.0 போர்டில் போட்டால் கேமும் அடி வாங்கும். மலிவாக இருக்கிறதே என்று எடிட்டர் இவற்றின் பக்கம் போகக் கூடாது.

ரேம்: இரண்டு குச்சிகள், சரியான எண்

16 ஜிபி-யில் தொடங்கலாம். 4கே எடிட்டிங், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், ரிசால்வின் ஃபியூஷன் என்று போகிறவருக்கு 32 வேண்டும். எவ்வளவு வாங்கினாலும் ஒற்றைக் குச்சியாக வாங்காமல் இரண்டாக வாங்குங்கள். பிராசசர் இரண்டு சேனல்களில் ஒரே நேரத்தில் பேசும்போது பாதை இரட்டிப்பாகிறது. கேமில் ஃபிரேம் சட்டென்று விழுவது வெகுவாகக் குறையும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் வழக்கமாகச் சொல்லப்படும் ஜோடி. போர்டின் கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும், ஒன்று வேகம், மற்றொன்று சிஎல். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ நொடியில் வரும். 3200 சிஎல்16 என்றால் 10. 3200 சிஎல்22 என்றால் 13.75. 6000 சிஎல்30 என்றால் மறுபடி 10. அதாவது டிடிஆர்4-இல் 3200 சிஎல்16, ஏஎம்5-இல் டிடிஆர்5 6000 சிஎல்30 என்று தேடினால் போதும். டிடிஆர்5-இல் நான்கு குச்சி போட்டால் வேகம் குறையும் என்பதால், 'இப்போது இரண்டு, அப்புறம் இரண்டு' என்ற திட்டம் டிடிஆர்4-க்குத்தான் பொருந்தும். ஏஎம்5 எடுப்பவர் முடிந்தால் முதலிலேயே 16 ஜிபி குச்சிகள் இரண்டாக எடுத்துவிடட்டும்.

ஸ்டோரேஜ்: வேகத்துக்கு அல்ல, இடத்துக்குப் பணம் கொடுங்கள்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மூன்று கேமராக் கோணங்களை ஒன்றாக ஓட்டினாலும் நொடிக்கு 37.5 மெகாபைட்தான் டிஸ்க்கிலிருந்து வர வேண்டும். சாட்டா எஸ்எஸ்டி-யே 500 மெகாபைட்டைத் தாண்டும், பிசிஐஇ 3.0 என்விஎம்இ 3,500 வரை போகும். அப்புறம் 7,000 என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதற்கு ஏன் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும்? அதே பணத்தில் 500 ஜிபி-க்குப் பதில் 1 டிபி வாங்குங்கள். இடம்தான் எடிட்டருக்கு எப்போதும் முதலில் தீரும்.

எஸ்எஸ்டி-யில் பார்க்க வேண்டியது அதன் மெமரி வகை, அதாவது ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி-யா, நான்கு பிட் வைக்கும் கியூஎல்சி-யா என்பது. கியூஎல்சி மலிவு. ஆனால் பெரிய ஃபைல்களைத் தொடர்ந்து எழுதும்போது அதன் கேஷ் நிரம்பியதும் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்குக்கூட இறங்கும். 200 ஜிபி ஃபுட்டேஜை ஒரே மூச்சில் காப்பி செய்பவருக்கு இது பெரிய தொல்லை. முதல் டிஸ்க் டிஎல்சி-யாக இருக்கட்டும். கேம்களை மட்டும் போட்டு வைக்க இரண்டாவதாக வாங்குவது கியூஎல்சி-யாக இருந்தால் பரவாயில்லை. முடிந்துபோன புராஜெக்டுகளைத் தூக்கி வைக்க ஹார்ட் டிஸ்க் இன்றும் நல்ல தேர்வு. அதன் மேல் நேரடியாக எடிட் மட்டும் செய்யாதீர்கள்.

மதர்போர்டு

இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போர்டின் பெயரில் தேட வேண்டிய சிப்செட் எண்: ஏஎம்4-க்கு பி550, எல்ஜிஏ1700-க்கு பி660 அல்லது பி760, ஏஎம்5-க்கு பி650. மின்சாரம் பிரியும் விஆர்எம் பகுதியின் மேல் ஹீட்சிங்க் இருக்க வேண்டும். மணிக்கணக்கில் ரெண்டர் ஓடும்போது சூடாவது அந்த இடம்தான். என்விஎம்இ எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட் இரண்டு இருக்க வேண்டும். பழைய பி450 போர்டில் 5600 போட நினைத்தால் பயாஸ் புதியதா என்று விற்பவரிடம் கேளுங்கள். பிராசசர் இல்லாமலே யுஎஸ்பி வழியாக பயாஸ் ஏற்றும் வசதி போர்டில் இருந்தால் அந்தக் கவலையே இல்லை.

பவர் சப்ளை: லேபிளைப் படியுங்கள்

புதியவர்கள் பணத்தை மிச்சம் பிடிக்க முதலில் கை வைப்பது இதில்தான். கெட்டுப்போகும்போது மற்ற பாகங்களையும் இழுத்துக்கொண்டு போகக் கூடியதும் இதுதான்.

முதலில் தேவையைக் கணக்கிடுங்கள். ஐ5-12400 உச்சத்தில் 117 வாட் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 3060 170 வாட். போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 60 என்று வையுங்கள். மொத்தம் 350 வாட்டுக்குப் பக்கம். கிராஃபிக்ஸ் கார்டு கணநேரம் இதைவிட அதிகமாக இழுக்கும் என்பதால் 550 வாட் நிம்மதி. 16 ஜிபி கார்டுகளுக்கு 650.

இனி பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். +12வி என்ற பத்தியின் கீழ் ஆம்பியர் எண் ஒன்று இருக்கும். அதை 12-ஆல் பெருக்குங்கள். 45 ஆம்பியர் என்றால் 540 வாட். 550 வாட் என்ற பெயருக்குத் தகுந்த பொருள். வெளியே 600 வாட் என்று போட்டுவிட்டு லேபிளில் 30 ஆம்பியர் என்று இருந்தால், பிராசசருக்கும் கார்டுக்கும் உண்மையில் கிடைப்பது 360 வாட்தான். அதைத் திரும்ப வைத்துவிடுங்கள். 80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு முத்திரைகள் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கின்றன, தரத்துக்கு அவை உத்தரவாதம் இல்லை. வாரன்டி 5 வருடமாவது இருக்க வேண்டும். தன் பொருள்மேல் நம்பிக்கை இல்லாத நிறுவனம் அத்தனை வருடம் கொடுக்காது. கேபிள் கழற்றி மாட்டும் மாடல் என்றால், வேறொரு பவர் சப்ளையின் கேபிளை இதில் மாட்டவே கூடாது. முனை பொருந்தும், ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கும். ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டி-யும் கருகிவிடும்.

கேபினட், கூலர், மானிட்டர்

கேபினட்டின் முன்பக்கம் வலை போட்டதாக இருக்கட்டும். கண்ணாடி முகப்பு பார்க்க அழகு, ஆனால் காற்று உள்ளே போக வழியில்லை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு ஃபேன் போதும். கார்டின் நீளம் உள்ளே அடங்குமா என்பதை மில்லிமீட்டரில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பிராசசர்களின் பெட்டி விற்பனைப் பதிப்புகளில் கூலர் சேர்ந்தே வரும், வேலைக்கு அது போதும். சத்தம் தொந்தரவாக இருந்தால் டவர் கூலர் ஒன்றைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

மானிட்டரை மறந்துவிட்டு மொத்தப் பணத்தையும் பெட்டிக்குள் போடுபவர்கள் அதிகம். நிறம் திருத்தும் வேலை செய்பவர் பார்க்க வேண்டியது ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி நிறப் பரப்பில் 95 விழுக்காட்டுக்கு மேல் என்ற குறிப்பு. கேமுக்கு 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல். இரண்டும் ஒரே மானிட்டரில் இப்போது எளிதாகவே கிடைக்கிறது. 27 அங்குல 1440பி மானிட்டரில் டைம்லைனுக்கு நிறைய இடம் கிடைக்கும். ஆனால் அந்த ரெசல்யூஷனில் கேமை ஓட்ட கார்டுக்கு அதிக பலம் வேண்டும், அதனால் 8 ஜிபி கார்டு எடுத்தவர் 24 அங்குல 1080பி-யில் நிற்பதே நல்லது.

பழைய பாகங்கள் வாங்கலாமா

பிராசசர், ரேம், கேபினட் மூன்றையும் தயங்காமல் வாங்கலாம். ஏஎம்4 பிராசசரில் அடியில் உள்ள ஊசிகள் வளைந்திருக்கிறதா என்று சாய்த்துப் பாருங்கள். இன்டெல்லிலும் ஏஎம்5-இலும் ஊசிகள் மதர்போர்டில் இருப்பதால் அங்கே பார்க்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டை ஓடவைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கால் மணி நேரம் ஏதாவது கனமான கேம் அல்லது பெஞ்ச்மார்க் ஓட்டி, திரையில் புள்ளிகளோ கோடுகளோ வருகிறதா, ஃபேன் உரசுகிறதா, வெப்பம் எங்கே போய் நிற்கிறது என்று கவனியுங்கள். எஸ்எஸ்டி என்றால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் ஆயுள் எத்தனை விழுக்காடு மிச்சம் என்பது தெரியும். பவர் சப்ளையும் ஹார்ட் டிஸ்க்கும் பழையதாக வேண்டவே வேண்டாம்.

ஒன்று சேர்த்துப் பார்த்தால்

மிகக் குறைந்த செலவில்: ரைசன் 5 5600, பி550 போர்டு, 8 ஜிபி குச்சிகள் இரண்டு, ஆர்எக்ஸ் 6600, 1 டிபி டிஎல்சி எஸ்எஸ்டி, 550 வாட். போன் வீடியோ, 1080பி கேம் என்று இருப்பவருக்கு இது தாராளம்.

எடிட்டிங் முதலில், கேம் இரண்டாவது என்பவருக்கு: எஃப் இல்லாத ஐ5-12400, டிடிஆர்4 உள்ள பி760, 32 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி. 4:2:2 கேமரா வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த அமைப்பைத்தான்.

நீண்ட நாள் வைத்திருக்கப் போகிறவருக்கு: ரைசன் 5 7600, பி650, டிடிஆர்5 32 ஜிபி, 16 ஜிபி விரேம் கார்டு ஒன்று, 650 வாட். பணம் கொஞ்சம் குறைந்தால் பிராசசரையும் போர்டையும் தொடாமல், கார்டை மட்டும் ஒரு படி இறக்குங்கள்.

வாங்கும் முன் பிசிபார்ட்பிக்கர் போன்ற தளத்தில் எல்லாப் பாகங்களையும் போட்டு ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள். மென்பொருளையும் கணக்கில் சேருங்கள். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு 3840×2160, 60 ஃபிரேம் வரை எக்ஸ்போர்ட் செய்யும். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். ஆனால் லினக்ஸில் அந்த இலவசப் பதிப்பு ஹெச்.264 ஃபைல்களைத் திறக்காது.

முதல்முறை ஆன் செய்ததும்

ஏஎம்5 கணினி முதல்முறை இயங்கும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். திரை கறுப்பாகவே இருக்கும். பதறி ஸ்விட்சை அணைத்துவிடாதீர்கள். அதற்குப் பின் பயாஸில் நுழைந்து எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்குங்கள். இயக்காவிட்டால் 3200 என்று வாங்கிய ரேம் 2133-இலும், 6000 என்று வாங்கியது 4800-இலும் ஓடிக்கொண்டிருக்கும், யாரும் சொல்லாவிட்டால் தெரியவே தெரியாது. ரீசைசபிள் பாரையும் அங்கேயே இயக்கிவிடுங்கள். இன்டெல் உள்கிராஃபிக்ஸை டிகோடிங்குக்காக வாங்கியவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. தனி கார்டு போட்டதும் பல போர்டுகள் உள்கிராஃபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். பயாஸில் ஐஜிபியு மல்டி-மானிட்டர் என்ற வரியை இயக்கிவிட்டு, பிரீமியரின் அமைப்புகளில் ஹார்ட்வேர் டிகோடிங் பகுதிக்குப் போய் இன்டெல்லும் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மானிட்டர் கேபிளை மதர்போர்டில் அல்ல, கிராஃபிக்ஸ் கார்டில் மாட்டுங்கள். விண்டோஸ் டிஸ்பிளே அமைப்பில் ரெஃப்ரெஷ் ரேட் 60-லேயே நிற்கும், 144-க்கு நீங்கள்தான் மாற்ற வேண்டும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு இரவு ஓடவிடுங்கள், ஒரு மணி நேரம் கனமான கேம் ஆடுங்கள், பெரிய புராஜெக்ட் ஒன்றை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். ரேமில் ஒரே ஒரு பிழை வந்தால்கூட முதலில் எக்ஸ்எம்பி-யை அணைத்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் பிழை வந்தால் அந்தக் குச்சிகளை உடனே மாற்றி வாங்கிவிடுங்கள்.